பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது

நல்ல காரியத்துக்கு நாள் குறிக்கும்போது பெரியவர்கள் சொல்லும் வார்த்தை இது. வேலைக்குப் போகிறவர்களிடம் புதனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், வேறு மாதிரி சொல்வார்கள். போன ஞாயிற்றின் ஓய்வு தீர்ந்துவிட்டது, அடுத்த சனி இன்னும் கண்ணுக்கெட்டவில்லை, நடுவில் மாட்டிக்கொண்ட நாள் அது. ஆனால் பெருநகரம் ஒன்றில் இருந்துகொண்டு, கைக்காசு போகாமல் பாட்டு கேட்க, ஓவியம் பார்க்க, விஷயம் தெரிந்த ஒருவர் பேசுவதைக் கேட்க ஆசைப்படுபவருக்குப் பெரியவர்கள் சொன்னதுதான் சரி. சனியும் ஞாயிறும் டிக்கெட் விற்கும் நாட்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்றும்தான் நகரம் சும்மா கொடுக்கும் நாட்கள்.

சும்மா என்று சொல்லிவிட்டேனே தவிர, எதுவும் சும்மா நடப்பதில்லை. அரங்கத்துக்கு மின்சாரம் வேண்டும், பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஆள் வேண்டும், வாசலில் நிற்பவருக்குச் சம்பளம் வேண்டும். வாரத்தின் நடுவில் எங்காவது போய் உட்காருவது எனக்கு ஒரு பழக்கமாகி ரொம்ப நாளாகிறது. அந்தப் பழக்கத்தில் நான் கண்டுகொண்டது இதுதான்: ஒரு நிகழ்ச்சி இலவசம் என்றால், அதற்கு யார் காசு கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்று பார்த்துவிட வேண்டும். அது தெரிந்துவிட்டால் அங்கே என்ன கிடைக்கும், எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும், எவ்வளவு எதிர்பார்க்கலாம் எல்லாமே ஏறக்குறைய தெரிந்துவிடும். நிகழ்ச்சிப் பட்டியலை நான் அப்படித்தான் படிக்கிறேன். தலைப்பைவிட, கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கும் புரவலர் பெயர்தான் முதலில் கண்ணில் படும்.

சில சமயம் காசு கொடுத்தவர் செத்து நானூறு வருஷம் ஆகியிருக்கும். லண்டனின் தாமஸ் கிரெஷாம் அப்படிப்பட்டவர். நகரத்தில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசுவதற்கு ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தைக் கட்டியவர். 1579-ல் இறந்தார். அந்தக் கட்டடத்தில் வரும் வாடகையைக் கொண்டு தன் வீட்டிலேயே ஏழு துறைகளில் பொதுமக்களுக்கு உரை நடத்த வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். மனைவி காலமான பிறகு, 1597-ல் உரைகள் தொடங்கின. வானியல், வடிவியல், இசை, மருத்துவம், சட்டம், இறையியல், சொல்லாட்சி. வாரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நாள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.

வானியல் விழுந்தது புதன்கிழமையில். 1660 நவம்பர் 28, ஒரு புதன். வானியல் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ரென் உரையை முடித்தார். பின்னாளில் செயின்ட் பால் பேராலயத்தை வடிவமைத்த அதே ரென்தான். உரை முடிந்ததும் பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போகாமல் தங்கிவிட்டார்கள். சோதனை செய்து பார்த்து அறிவைச் சேர்ப்பதற்கென்று வாராவாரம் கூடுவோம் என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டம்தான் ராயல் சொசைட்டி. பிற்காலத்தில் நியூட்டன் தலைவராக உட்கார்ந்த அமைப்பு, இலவசமாக நடந்த ஒரு வாரநாள் உரையின் வாலில் முளைத்தது. கிரெஷாமின் உரைகள் இன்றும் நடக்கின்றன, இன்றும் கட்டணம் கிடையாது.

இதைப் படித்த நாளிலிருந்து எந்த உரைக்குப் போனாலும் முடிந்தவுடன் எழுந்து ஓடுவதில்லை. ராயல் சொசைட்டி எதுவும் தொடங்கிவிடவில்லை, அது வேறு விஷயம். ஆனால் கேள்வி நேரத்தில் மைக் பிடித்து ஐந்து நிமிஷம் தன் கருத்தைச் சொல்பவரைப் பொறுத்துக்கொண்டால், அதற்குப் பிறகு மேடைக்குக் கீழே நாலு பேர் நின்று பேசும்போதுதான் உண்மையான உரை தொடங்கும். பேச்சாளர் அப்போது காகிதத்தைப் பார்ப்பதில்லை. "இதை அங்கே சொல்ல முடியவில்லை" என்று ஆரம்பிப்பார். இறந்தவர் பணத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளில் இது இன்னும் நன்றாக இருக்கும், ஏனென்றால் அங்கே யாரையும் திருப்திப்படுத்த வேண்டியதில்லை. பேச்சாளர் புத்தகம் விற்க வரவில்லை, நடத்துபவருக்கு இத்தனை பேர் வந்தார்கள் என்று யாருக்கும் கணக்குக் காட்டும் அவசரம் இல்லை. அறக்கட்டளை உரை என்று கண்ணில் பட்டால் யோசிக்காமல் போய்விடலாம்.

சரி, பாட்டுக்கு வருவோம். மதியக் கச்சேரி என்ற வழக்கத்தைப் பற்றிப் பேசினால் மைரா ஹெஸ்ஸைத் தாண்டிப் போக முடியாது. 1939 செப்டம்பரில் போர் அறிவித்ததும் லண்டனில் இசை அரங்குகளும் நாடகக் கொட்டகைகளும் மூடப்பட்டன. நேஷனல் கேலரியின் ஓவியங்களை வேல்ஸ் பக்கம் பத்திரமாக அனுப்பிவிட்டார்கள். சுவரில் ஒன்றும் இல்லாத பெரிய கட்டடம் நடு ஊரில் சும்மா நின்றது. பியானோ கலைஞரான ஹெஸ் அதன் இயக்குநர் கென்னத் கிளார்க்கிடம் போய், இங்கே எப்போதாவது கச்சேரி வைக்கலாமா என்று கேட்டார். எப்போதாவது ஏன், தினமும் வைக்கலாமே என்றார் அவர். அக்டோபர் 10 அன்று ஹெஸ்ஸே முதல் கச்சேரியை வாசித்தார். திங்கள் முதல் வெள்ளி வரை, மதியச் சாப்பாட்டு இடைவேளையில். குண்டு விழுந்த மாதங்களில் கச்சேரி கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள்.

இவை இலவசம் அல்ல, ஒரு ஷில்லிங். ஆனால் எல்லோருக்கும் அதே ஒரு ஷில்லிங். முன்வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு ஒரு விலை என்று இல்லை. அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவர் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து, ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, திரும்ப வேலைக்குப் போகலாம். இன்றைக்கு உலகத்தில் எங்கெல்லாம் மதிய இசை நிகழ்ச்சி நடக்கிறதோ அங்கெல்லாம் இந்த நேரக்கணக்கு அப்படியே இருக்கிறது: ஒரு மணிக்குள் முடியும், இடைவேளை கிடையாது, கோட்டு சூட்டு போட்டு வர வேண்டாம். சிகாகோவில் ஹெஸ்ஸின் பெயரிலேயே 1977-ல் ஒரு கச்சேரித் தொடர் தொடங்கினார்கள். புதன்கிழமை மதியம், அனுமதி இலவசம், வளரும் கலைஞர்களின் மேடை, வானொலியில் நேரடி ஒலிபரப்பு. ஆம்ஸ்டர்டாமின் கான்சர்ட்கெபாவ் அரங்கின் இலவச மதியக் கச்சேரிக்கும் புதன்தான் நாள்.

அது என்ன எல்லாம் புதன்? இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை. பெரிய இசைக்குழுக்கள் டிக்கெட் விற்கும் கச்சேரிகளைப் பெரும்பாலும் வாரக் கடைசியை ஒட்டி வைத்துக்கொள்கின்றன. அதற்கு முந்தைய நாட்கள் ஒத்திகை. அதாவது வாரத்தின் நடுவில் கலைஞர்கள் எப்படியும் ஊரில் இருக்கிறார்கள், கட்டடம் எப்படியும் திறந்திருக்கிறது, விளக்கு எப்படியும் எரிகிறது. அதில் ஒரு மணி நேரத்துக்குக் கதவைத் திறந்துவிடுவதில் கூடுதல் செலவு கொஞ்சம்தான். ஆம்ஸ்டர்டாமில் சில புதன்களில் மாலைக் கச்சேரியின் ஒரு பகுதியையே மதியம் ஓட்டிப் பார்க்கிறார்கள். பெர்லின் ஃபில்ஹார்மனி 2007 முதல் முகப்புக் கூடத்திலேயே மதியக் கச்சேரி வைக்கிறது. இருக்கை கிடைக்காதவர்கள் படிக்கட்டிலும் தரையிலும் உட்கார்ந்து கேட்கிறார்கள். 2008 மே 20 அன்று அப்படி ஒரு மதியக் கச்சேரி முடிந்த கையோடு அந்தக் கட்டடத்தின் கூரை தீப்பிடித்தது. கூரையில் நடந்த வெல்டிங் வேலைதான் காரணம். கலைஞர்கள் வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

மதியக் கச்சேரிகளுக்குக் காசு கொடுப்பவர் பெரும்பாலும் அரங்கமே. ஏன்? நாளைய ரசிகர் ஒருவரை இன்றைக்கே பழக்கிவைக்கத்தான். அதனால் நிகழ்ச்சி சின்னதாக இருக்கும், கடினமான உருப்படியை எடுக்க மாட்டார்கள். எனக்கு இன்னும் பிடித்தது இசைக் கல்லூரிகளின் தேர்வுக் கச்சேரி. பட்டம் பெறப் போகும் மாணவர் ஒரு மணி நேரம் மேடையில் தனியாக வாசிக்க வேண்டும். பல ஊர்களில் இதற்கு வெளியாட்கள் வரலாம், ஆனால் வருவதில்லை. முன்னால் கையில் பென்சிலோடு தேர்வாளர்கள், அப்புறம் அம்மா அப்பா, நண்பர்கள், கடைசியில் சம்பந்தமே இல்லாத நான். வேறு எந்த மேடையிலும் இப்படி உயிரைக் கொடுத்து வாசிப்பதைக் கேட்டதில்லை. புகழ்பெற்றவர்கள் சில நாள் பழக்கத்தில் வாசித்துவிட்டுப் போவார்கள். தேர்வு எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

அருங்காட்சியகங்கள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அங்கே இலவசம் என்ற சொல்லை நம்பி மட்டும் இறங்கக் கூடாது. பிரிட்டிஷ் மியூசியம் 1759 ஜனவரி 15-ல் கதவைத் திறந்தபோதே கட்டணம் கிடையாது. ஆனால் முன்கூட்டி எழுதி விண்ணப்பித்து, அனுமதிச் சீட்டு வாங்கி, சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் சிறு குழுவாக உள்ளே போக வேண்டும். எழுதத் தெரியாதவருக்கும் பகலில் கூலி வேலைக்குப் போகிறவருக்கும் அந்த இலவசத்தால் ஒரு பயனும் இல்லை. பாரிஸின் லூவ்ர் 1793-ல் திறந்த சில மாதங்களிலேயே பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் வாரத்தையே பத்து நாளாக மாற்றினார்கள். அந்தப் பத்தில் மூன்று நாட்கள்தான் பொதுமக்களுக்கு.

பணத்தைவிட நேரம்தான் பெரிய பூட்டு என்பதை முதலில் சரியாகப் பிடித்தவர் ஹென்றி கோல் என்று நினைக்கிறேன். லண்டனில் 1857-ல் அவர் தலைமையில் திறந்த சவுத் கென்சிங்டன் மியூசியத்தில் கேஸ் விளக்குப் போட்டு மாலையிலும் திறந்து வைத்தார். இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் அதுதான். உழைக்கும் மக்களுக்கு எந்த நேரம் தோதுப்படுகிறது என்று நடைமுறையில் சோதித்துப் பார்க்கத்தான் அப்படிச் செய்ததாகச் சொன்னார். சாராயக் கடைக்கு மாற்று இது என்றும் சொன்னார், அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் பேச்சு அப்படி. வேடிக்கை என்னவென்றால், அங்கே திங்கள், செவ்வாய், சனிதான் இலவசம். புதனன்று மாணவர்கள் தொந்தரவில்லாமல் வரைவதற்காக ஆறு பென்ஸ் கட்டணம் வைத்துக் கூட்டத்தைக் குறைத்தார்கள். என் புதன் பக்திக்கு அந்த ஒரு இடம் ஒத்துவரவில்லை.

2001 டிசம்பரில் பிரிட்டன் தன் தேசிய அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்கு நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டது. அதற்கு முன் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த இடங்களில் பத்தாண்டில் வருகை இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தவர்களே இன்னும் அடிக்கடி போகிறார்கள் என்றும் ஒரு விமர்சனம் உண்டு, எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. கட்டணம் போனாலும், பளிங்குப் படியும் சீருடைக் காவலரும் "இது நம்ம இடம் இல்லை" என்று சிலருக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. வாரநாள் மாலை நீட்டிப்பு அதைக் கொஞ்சம் தளர்த்துகிறது. சுற்றுலா வந்தவர்கள் கிளம்பிப் போயிருப்பார்கள், பள்ளிக் குழந்தைகள் இல்லை, காவலர்களே களைப்பில் கொஞ்சம் மனிதர்களாகி இருப்பார்கள். எந்த ஓவியம் உங்களுக்குப் பிடிக்கும் என்று அந்த நேரத்தில் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். வருஷக்கணக்காக ஒரே அறையில் நின்றவர்கள். விளக்கப் பலகையில் இல்லாத பதில்கள் வரும்.

என் ஆலோசனை, ஒரு மாலைக்கு ஒரு அறை. காசு கொடுத்து நுழைந்தால்தான் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற வெறி வரும். இலவசத்தில் அந்தச் சுமை இல்லை, நாற்பது நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம். கச்சேரியும் அப்படித்தான், பிடிக்காவிட்டால் இடையில் கைதட்டும்போது நழுவிவிடலாம். அதனால் பழக்கமில்லாத கலையை இலவச நாளில்தான் போய்ப் பார்ப்பேன். தெரிந்ததற்கு டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.

இலவசம் என்பதை எதிர்த்துச் சண்டை போட்டவர்களும் உண்டு. நியூயார்க்கில் ஜோசஃப் பாப் சென்ட்ரல் பார்க்கில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை இலவசமாக நடத்திக்கொண்டிருந்தார். 1959-ல் பூங்காத் துறை ஆணையர் ராபர்ட் மோசஸ், கட்டணம் வசூலித்துத்தான் ஆக வேண்டும், கூட்டம் மிதிப்பதால் புல் அழிகிறது, அதைச் சரிசெய்யப் பணம் வேண்டும் என்றார். பாலங்களும் நெடுஞ்சாலைகளும் போட்டு நகரத்தையே தன் விருப்பப்படி வளைத்தவர் அவர், அவரை எதிர்த்து ஜெயித்தவர்கள் குறைவு. பாப் நீதிமன்றத்துக்குப் போனார், மேல்முறையீட்டில் ஜெயித்தார். 1962-ல் நகர நிதியும் ஒரு புரவலரின் கொடையும் சேர்ந்து அதே பூங்காவில் டெலகார்ட் திறந்தவெளி அரங்கம் எழுந்தது. அங்கே இன்றும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஆனால் பூங்காவில் விடியற்காலையிலேயே வரிசை நிற்கிறது, மதியம்தான் சீட்டு கொடுக்கிறார்கள். நேரமாகக் கொடுக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். வேலைக்கு மட்டம் போட முடிந்தவர்தான் அதைக் கொடுக்க முடியும் என்பதும் உண்மை. ஹென்றி கோல் பார்த்த பூட்டு இங்கேயும் தொங்குகிறது.

வியாபாரிகள் கொடுக்கும் இலவசத்தைச் சிலர் மட்டமாகப் பார்க்கிறார்கள், நான் பார்ப்பதில்லை. ஏல நிறுவனங்கள் ஓவியங்களை விற்பதற்கு முன் சில நாட்கள் காட்சிக்கு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வாங்குகிறவர் மாதிரி நடிக்கக்கூடத் தேவையில்லை. அங்கே பார்ப்பவை ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் வழியில் சில நாள் வெளிச்சத்தில் நிற்பவை. லியனார்டோ வரைந்ததாகச் சொல்லப்படும் சால்வடோர் முண்டி ஓவியத்தை 2017-ல் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஹாங்காங், சான் ஃபிரான்சிஸ்கோ, லண்டன், நியூயார்க் என்று கொண்டுபோய்க் காட்டியது. ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். நவம்பர் 15 அன்று, அதுவும் ஒரு புதன்தான், 45 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அதற்குப் பிறகு அந்த ஓவியம் பொதுப் பார்வைக்கு வரவே இல்லை.

ஆனால் வியாபாரியின் இலவசத்துக்கு ஆயுள் அவருடைய வியாபாரம் இருக்கும் வரைதான். ஃபிலடெல்ஃபியாவில் வானமேக்கர் என்ற பெரிய கடையின் நடுக்கூடத்தில் 28,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட ஆர்கன் வாத்தியம் இருக்கிறது. 1911-ல் முதலில் ஒலித்தது. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் தினம் இரண்டு முறை கச்சேரி. சட்டை வாங்க வந்தவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். கடை கை மாறிக் கை மாறி, 2025-ல் மூடப்பட்டபோது அந்தத் தினசரிக் கச்சேரியும் நின்றது.

வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரான்ஸின் அலியான்ஸ் ஃபிரான்ஸேஸ் 1883-லிருந்தும், ஜெர்மனியின் கோத்தே இன்ஸ்டிட்யூட் 1951-லிருந்தும் தங்கள் மொழியின் மேல் உலகத்துக்கு ஒரு பிரியம் வரட்டும் என்று உழைக்கின்றன. வாரநாள் மாலைத் திரையிடல் பல ஊர்களில் நடக்கிறது, திரைக்கு அடியில் ஓடும் நல்ல வசன மொழிபெயர்ப்போடு காட்டுவார்கள். தங்கள் நாட்டைத் திட்டும் படங்களையும் கூசாமல் போடும் மையங்களே என் பட்டியலில் மேலே இருக்கும்.

யாரும் கலாச்சார நிகழ்ச்சி என்று சொல்லாத இரண்டு இடங்களும் உண்டு. ஒன்று சட்டமன்றம் அல்லது நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடம். பிரிட்டனில் பிரதமர் கேள்வி நேரம் 1997 வரை செவ்வாயும் வியாழனும் கால் மணி நேரம் நடந்தது. டோனி பிளேர் வந்து இரண்டையும் சேர்த்துப் புதன்கிழமை அரை மணி நேரமாக்கினார். மற்றது நீதிமன்றம். வழக்குகள் திறந்த அவையில் நடக்க வேண்டும் என்பது பல நாடுகளில் நீதியின் அடிப்படை, ஆகவே பொதுவாக யாரும் போய் உட்காரலாம். லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் பார்வையாளர் மாடம் இருக்கிறது, ஆனால் நெடுங்காலம் செல்போனை உள்ளே கொண்டுபோக விடவில்லை, வைத்துவிட்டுப் போகவும் அங்கே இடம் தரவில்லை. இதற்குக் காசு கொடுப்பவர் நாம்தான், வரியாக. ஆனால் ஒன்று, இதை மாலைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கீழே நிற்பவரின் வாழ்க்கை அங்கே தீர்மானமாகிறது. மாதத்தில் ஒரு நாள் போய், ஒரு முழு அமர்வு அசையாமல் இருந்து, சட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது வேறு. பரபரப்பான வழக்காகத் தேடிப்போவது வேறு.

கடைசியாக முன்பதிவு. இலவச நிகழ்ச்சிக்குப் பெயர் பதிந்துவிட்டு வராமல் போகிறவர்கள் ஏராளம். நடத்துபவர்களுக்கும் இது தெரியும், அதனால் பலர் இருக்கைக்கு மேல் கொஞ்சம் சேர்த்தே பதிவு செய்கிறார்கள். ஆகவே இடம் நிரம்பிவிட்டது என்று திரையில் காட்டினாலும் நான் கிளம்பிவிடுவேன். நிகழ்ச்சி தொடங்க ஐந்து பத்து நிமிஷம் இருக்கும்போது வராதவர்களின் இடத்தை வாசலில் காத்திருப்பவர்களுக்குத் திறந்துவிடுவார்கள், ஒற்றை ஆளாக இருந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நண்பர்கள் கும்பலாகப் போனால் கிடைக்காது. அப்புறம் மழை பெய்யும் புதன்கிழமைகளைத் தவற விடாதீர்கள், பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். உங்களால் போக முடியவில்லை என்றால் மட்டும் தயவுசெய்து முந்தின நாளே பதிவை ரத்து செய்துவிடுங்கள். வாசலில் நிற்கிற ஆள் நானாகக்கூட இருக்கலாம்.